துளியின் விளிம்பில் ஓர் எண்

ஒரு திடப்பரப்பின் மீது நீர்த்துளியை இட்டு, துளியின் விளிம்பு அந்தப் பரப்போடு கூடும் இடத்தில் உண்டாகும் கோணத்தை அளந்து, கிடைத்த எண்ணைப் பரப்பின் பெயருக்கு எதிரே எழுதிவைப்பது ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் வேலை. இயற்பியல் பாடநூல்கள் இதைச் சேர்கோணம் என்கின்றன: துளியின் விளிம்பில் திரவத்தின் மேற்பரப்புக்கு வரையும் தொடுகோட்டுக்கும் திடப்பரப்புக்கும் இடையே, திரவத்தின் உட்புறமாக அளக்கப்படும் கோணம். தூய கண்ணாடியில் நீர் ஏறத்தாழ சுழியம் பாகைக்கு இறங்கிப் படலமாகப் பரவிவிடும். பாரஃபின் மெழுகிலும் டெஃப்லானிலும் 110 பாகையை ஒட்டிக் குவிந்து நிற்கும். கண்ணாடியின் மீது பாதரசம் 140 பாகை அளவுக்கு உருண்டுகொள்ளும். 90 பாகைக்குக் கீழே இருந்தால் நனையும் பரப்பு, மேலே இருந்தால் நனையாப் பரப்பு என்ற பிரிவினையும் உடன் வருகிறது. அட்டவணைகளில் இந்த எண்கள் அடர்த்திக்கும் உருகுநிலைக்கும் பக்கத்தில், அவற்றுக்கு இணையான உறுதியோடு அச்சாகின்றன. அட்டவணையை நம்பி ஒரு துளியை உற்றுப் பார்க்கிறவருக்கு அந்த உறுதி நெடுநேரம் நிலைப்பதில்லை. டெஃப்லான் தகட்டில் அமர்ந்திருக்கும் துளிக்குள் ஊசிமுனையைச் செருகி நீரில் கொஞ்சத்தை உறிஞ்சினால், துளியின் அடிவட்டம் இருந்த இடத்தைவிட்டு அசையாமலேயே அதன் முதுகு தாழ்கிறது, கோணம் பல பாகைகள் குறைகிறது. திடப்பொருள் மாறவில்லை, திரவம் மாறவில்லை, வெப்பநிலையும் மாறவில்லை. மாறிய எண் யாருடையது என்ற கேள்வி அங்கே எழுகிறது. நனைதலைப் பற்றி இருநூறு ஆண்டுகளாக எழுதப்பட்டவற்றைப் படித்த பிறகும் அது முழுவதாக அடங்குவதில்லை.

அளக்கும் கருவி எளியது. மட்டமாக நிறுத்தப்பட்ட ஒரு மேடை, ஒரு பக்கம் ஒளியைச் சீராகப் பரப்பும் விளக்கு, எதிர்ப்பக்கம் கேமரா, மேலே நுண்ணிய ஊசி பொருத்திய சிரிஞ்சு, இவ்வளவுதான் கோணமானி. ஊசிமுனையில் 2 முதல் 5 மைக்ரோலிட்டர் வரை நீர் திரண்டு தொங்கும்போது மேடை மெல்ல உயர்த்தப்படுகிறது, பரப்பைத் தொட்ட துளி ஊசியைவிட்டு நழுவி உட்கார்கிறது. பின்னொளியில் அது கரிய நிழலுருவாகத் தெரியும். நடுவில் மட்டும் விளக்கின் வெளிச்சம் சிறு வெண்புள்ளியாகத் தங்கியிருக்கும். பரப்பு பளபளப்பாக இருந்தால் துளிக்குக் கீழே அதன் தலைகீழ்ப் பிரதிபலிப்பும் விழும். துளியும் பிரதிபலிப்பும் இருபுறமும் கூர்மையாகச் சந்திக்கும் இரண்டு முனைகளை இணைத்தால் கிடைப்பது அடிக்கோடு, அந்த முனைகளில் வரைவது தொடுகோடு. அளவீட்டின் நாணயம் முழுவதும் இந்த அடிக்கோட்டில் தங்கியிருக்கிறது. கோணம் 150 பாகையைத் தாண்டிய துளிகளில் விளிம்பு துளியின் வயிற்றுக்கு அடியில் மறைந்து, ஒளி வளைந்து, முனைகள் மங்கிவிடுகின்றன. அடிக்கோட்டை ஒரு பிக்சல் மேலே வைப்பதா கீழே வைப்பதா என்ற தீர்மானமே விடையைச் சில பாகைகள் நகர்த்திவிடும். துளியின் பருமனும் தற்செயலானதன்று. நீரைப் பொறுத்தவரை ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர் என்ற ஒரு நீளம் உண்டு; துளி அதைவிடச் சிறிதாக இருக்கும்வரை பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை, புவியீர்ப்பை வென்று துளியைக் கோளத்தின் ஒரு துண்டாக வைத்திருக்கிறது, அதைவிடப் பெரிதானால் துளி தன் எடையாலேயே தட்டையாகிவிடுகிறது. எடையால் தாழ்ந்த துளிகளின் வடிவத்தைக் கணக்கிடுவது சென்ற நூற்றாண்டுகளில் பெரும்பாடாக இருந்தது. 1883இல் பிரான்சிஸ் பாஷ்ஃபோர்த், வானியலாளர் ஜான் கூச் ஆடம்ஸின் துணையோடு அத்தகைய வடிவங்களுக்கு விரிவான அட்டவணைகளை வெளியிட்டார். அதற்காக ஆடம்ஸ் வகுத்த படிப்படியான கணக்கீட்டு முறை இன்றும் இருவரின் பெயராலேயே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கக் கற்பிக்கப்படுகிறது. துளியின் ஓரத்தை அறிய எழுந்த கணிதம் துளியை மறந்துவிட்டு எங்கெங்கோ சென்று உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஓரத்தில் நிற்கும் கோணத்துக்குக் காரணம் சொன்னவர் தாமஸ் யங். 1805இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான திரவங்களின் ஒட்டுதல் பற்றிய கட்டுரையில், ஒவ்வொரு திடப்பொருளும் ஒவ்வொரு திரவமும் இணையும்போது அவ்விணைக்கு உரிய ஒரு கோணம் உண்டு என்று அவர் வாதிட்டார். இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் சமன்பாட்டை அவர் குறியீடுகளில் எழுதவில்லை. முழுவதையும் சொற்களிலேயே சொல்லிச் சென்றார், குறியீடுகள் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. சமன்பாட்டின் கருத்து இது: துளியின் விளிம்பில் மூன்று பரப்புகள் கூடுகின்றன, திடத்துக்கும் காற்றுக்கும் இடையே ஒன்று, திடத்துக்கும் திரவத்துக்கும் இடையே ஒன்று, திரவத்துக்கும் காற்றுக்கும் இடையே ஒன்று. ஒவ்வொன்றும் விளிம்பைத் தன் பக்கம் இழுக்கிறது; மூன்று இழுப்புகளும் திடப்பரப்பின் திசையில் சமமாகும் இடத்தில் கோணம் நிலைகொள்கிறது. அழகான வாதம், ஆனால் மூன்று இழுவிசைகளில் நேராக அளக்கக்கூடியது திரவத்துக்கும் காற்றுக்கும் இடையிலானது மட்டுமே. நீருக்கு 20 செல்சியஸில் அது மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், எவரும் சரிபார்க்கலாம். திடம் பங்குபெறும் மற்ற இரண்டையும் அவ்வாறு நேராகப் பிடித்து அளக்க எளிய வழி இல்லை, ஏனெனில் திடப்பரப்பு திரவத்தைப் போல நீண்டு சுருங்கித் தன் விசையைக் காட்டுவதில்லை. ஆகவே கோணம் அறியப்படாத இரண்டின் வித்தியாசத்தை மட்டும் தருகிறது, தனித்தனியே எதையும் தருவதில்லை. யங் சமன்பாட்டைக் கொண்டு கோணத்தை முன்கூட்டிச் சொல்வது அரிது. கோணத்தை அளந்து அதைச் சமன்பாட்டுக்குள் இடுவதே நடைமுறை. சரிபார்க்க வேண்டிய ஒன்று சரிபார்ப்பதற்கான அளவுகோலாகவும் வேலை செய்துவிடுகிறது.

யங் கணக்கில் எடுக்காமல் விட்ட ஒரு கூறும் இருக்கிறது. துளியின் மேற்பரப்பு விளிம்பைப் பக்கவாட்டில் இழுப்பதோடு மேல்நோக்கியும் இழுக்கிறது, அந்த இழுப்பைத் திடப்பொருள்தான் தாங்க வேண்டும். கண்ணாடி தாங்கும், நீரின் பரப்பு இழுவிசையைக் கண்ணாடியின் விறைப்பால் வகுத்தால் கிடைக்கும் நீளம் அணுவின் அளவைவிடச் சிறியது. சிலிக்கோன் களி போன்ற மிக மென்மையான பரப்பிலோ துளியின் ஓரம் முழுவதும் திடப்பொருள் மைக்ரோமீட்டர் கணக்கில் மேலே எழும்பி ஒரு வரப்பாக நிற்கிறது, நுண்ணோக்கியில் அது படமும் ஆகியிருக்கிறது. அங்கே கோணத்தை எந்த அடிக்கோட்டிலிருந்து அளப்பது, தொலைவில் சமமாகக் கிடக்கும் பரப்பிலிருந்தா, துளியே எழுப்பிய வரப்பின் சரிவிலிருந்தா? வழுவழுப்பானது, ஒரே தன்மையுடையது, வளையாதது, திரவத்தோடு வினைபுரியாதது என்று யங் கற்பித்துக்கொண்ட திடப்பொருளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஊசியால் நீரை உறிஞ்சியபோது குறைந்த கோணத்துக்குத் திரும்பினால் இது இன்னும் தெளிவாகிறது. துளிக்குள் சிறிது சிறிதாக நீரைச் செலுத்தினால் முதலில் துளி உயர்ந்துகொண்டே போகும், கோணம் பெருகும்; ஓர் எல்லையை எட்டியதும் விளிம்பு சட்டென நகர்ந்து வெளியே பரவும். அந்த எல்லை முன்னேறு கோணம். நீரை எடுத்தால் துளி தாழ்ந்துகொண்டே வந்து, வேறோர் எல்லையில்தான் விளிம்பு உள்ளே சுருங்கத் தொடங்கும். அது பின்வாங்கு கோணம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்குக் கோணத் தயக்கம் என்று பெயர். நுண்ணிய மேடுபள்ளங்களும் வேதித்தன்மை மாறும் திட்டுகளும் விளிம்பைப் பற்றிக்கொள்வதால் இது உண்டாகிறது. இடைவெளிக்குள் உள்ள எந்தக் கோணத்திலும் துளி அசையாமல் அமர்ந்திருக்கலாம், எந்த எண் கிடைக்கும் என்பது துளி மெல்ல இறக்கப்பட்டதா, உயரத்திலிருந்து விழுந்ததா, எவ்வளவு நேரம் ஆவியானது என்பதையெல்லாம் பொறுத்தது. சில மைக்ரோலிட்டர் நீர் ஆவியாகிக்கொண்டேயிருக்கிறது. விளிம்பு பற்றப்பட்டிருந்தால் அடிவட்டம் மாறாமல் கோணம் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்து பின்வாங்கு கோணத்தை நோக்கி இறங்குகிறது. ஊசியிலிருந்து உட்கார்ந்த துளியை ஒரே ஒரு முறை படமெடுத்து, நிலையான சேர்கோணம் என்று பெயரிட்டு, பிழைவரம்போடு வெளியிடப்படும் எண் இந்த இடைவெளிக்குள் ஏதோ ஓர் இடம் என்பதைத் தவிர வேறெதையும் உறுதியாகச் சொல்வதில்லை. பிழைவரம்பு சிறிதாக இருப்பது அதே விதமாக அதே கை பலமுறை துளியை இட்டது என்பதற்கே சான்று.

தயக்கத்தை அளவீட்டில் புகுந்த குறையாகவே பல நூல்கள் நடத்துகின்றன. இன்னும் மென்மையாக மெருகிட்டு, இன்னும் நன்றாகக் கழுவினால் அது மறைந்து உண்மையான ஒரே கோணம் வெளிப்படும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த சாளரக் கண்ணாடியை இந்த நம்பிக்கையோடு பார்ப்பது கடினம். செங்குத்தான கண்ணாடியில் துளிகள் நிற்கின்றன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துளியும் சாய்ந்திருக்கிறது, கீழ்ப்பக்கம் வீங்கி முன்னேறு கோணத்தை நெருங்குகிறது, மேற்பக்கம் மெலிந்து பின்வாங்கு கோணத்தை நெருங்குகிறது. இரண்டு கோணங்களின் கொசைன்களுக்கு உள்ள வித்தியாசத்தைப் பரப்பு இழுவிசையாலும் துளியின் அகலத்தாலும் பெருக்கினால் கிடைக்கும் விசைதான் துளியின் எடையைத் தாங்குகிறது. இலைகளில் தெளிக்கப்படும் மருந்து எவ்வளவு தங்கும் என்று ஆராய்ந்த ஃபர்மிட்ஜ் 1962இல் இந்தக் கணக்கை வெளியிட்டார். தயக்கம் இல்லாத ஒரே கோணம் கொண்ட கண்ணாடியில் எந்த அளவுத் துளியும் நிற்காது, எல்லாம் வழுக்கி ஓடிவிடும். பூச்சிக்கொல்லி கோஸ் இலையில் தங்குவதும், தெளித்த சாயம் சுவரில் வழியாமல் நிற்பதும், காற்றாடியால் உலர்த்தப்படும் தகட்டில் கடைசித் துளிகள் அடம்பிடிப்பதும் இந்த இடைவெளியால்தான். குறை என்று ஒதுக்கப்பட்டதே நனைதலின் நடைமுறை முழுவதையும் தாங்கியிருக்கிறது என்றால், ஒற்றை எண்ணைத் தேடும் ஆசையைத்தான் ஐயுற வேண்டியிருக்கிறது.

சொரசொரப்பான பரப்புகளில் இந்த ஐயம் கூர்மையாகிறது. 1936இல் வென்சல், மேடுபள்ளம் பரப்பின் உண்மையான பரப்பளவைக் கூட்டுவதால் நனையும் பொருள் இன்னும் நனையும், நனையாதது இன்னும் நனையாது என்றார். 1944இல் கேஸ்ஸியும் பேக்ஸ்டரும் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபடி, துளி மேடுகளின் முகட்டில் மட்டும் தங்கிக் கீழே காற்று சிறைப்பட்டிருக்கும் இன்னொரு நிலையை விவரித்தனர். வாத்தின் இறகு நனையாமலிருப்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் அதுவே. தாமரை இலை இந்த இரண்டாம் வகைக்கு உலகறிந்த சான்று. இலையின் மேல்தோலில் மைக்ரோமீட்டர் அளவுப் புடைப்புகளும் அவற்றின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகுக் குழல்களும் நிறைந்திருப்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்த்லோட்டும் நைன்ஹூயிஸும் 1997இல் விரிவாக எழுதினர். நீர் அதில் உருண்டோடும், அழுக்கையும் அள்ளிக்கொண்டு போகும். எனினும் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, அதே இலையைக் குளிர்வித்து நீராவியை அதன்மேல் படியவிட்டால் துளிகள் ஒட்டிக்கொண்டு உருள மறுப்பதைக் காட்டியது. மேலிருந்து விழும் துளி முகடுகளில் தங்குகிறது. ஆவியிலிருந்து பிறக்கும் துளியோ புடைப்புகளின் இடுக்குகளிலேயே கருக்கொண்டு வளர்வதால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் முதலிலேயே நீர் இருக்கிறது. இலை ஒன்றே. ரோஜா இதழ் இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. அதன் மேல் நீர் 150 பாகையை ஒட்டி உருண்டு நிற்கும், படத்தில் தாமரையிலிருந்து வேறுபடுத்த முடியாது. இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் துளி விழுவதில்லை. முன்னேறு கோணம் மட்டும் அச்சிடப்பட்ட அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்து, ஒரே இனமாக, அமர்ந்திருக்கும்.

துளிக்கு அடியில் உள்ள பரப்பு முழுவதும் கோணத்தைத் தீர்மானிக்கிறதா, ஓரத்தில் உள்ள கோடு மட்டுமா என்பதிலேயே சண்டை நடந்திருக்கிறது. 2007இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் காவோவும் மெக்கார்த்தியும், நடுவில் ஒரு வேற்றுத்தன்மைத் திட்டு கொண்ட பரப்பில் திட்டைவிடப் பெரிய துளியை இட்டு அளந்தபோது, நடுவில் என்ன இருந்தாலும் கோணம் வெளிப்பரப்புக்கு உரியதாகவே இருப்பதைக் காட்டி, வென்சலும் கேஸ்ஸியும் தவறினர் என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள். மறுத்தவர்கள், பழைய சமன்பாடுகளில் வரும் விகிதங்களை விளிம்பின் அக்கம்பக்கத்தில் எடுத்துக்கொண்டால் அவை சரியே என்றார்கள். பயனுள்ள சண்டை அது. துளியின் அடிவயிறு எத்தனை சதுர மில்லிமீட்டரை மூடியிருந்தாலும் அளவீட்டுக்கு வாய்திறப்பது மெல்லிய ஒரு வட்டம் மட்டுமே என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டன. எண் பரப்பின் பெயருக்கு எதிரே எழுதப்படுகிறது, அதைச் சொன்னதோ அந்தப் பரப்பின் மிகச் சிறு பங்கு.

அந்தச் சிறு பங்கும் பெயர் குறிப்பிடும் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீர் தங்கத்தை நனைக்குமா என்ற கேள்வி 1960களிலும் 70களிலும் நீடித்தது; ஒரு சாரார் 60 பாகைக்கு மேல் அளந்து தங்கம் இயல்பாகவே நீரை ஏற்காதது என்றனர், இன்னொரு சாரார் வெற்றிடத்தில் தூய்மைப்படுத்திய தங்கத்தில் நீர் சுழியம் பாகையில் பரவுவதைக் கண்டனர். 1980இல் டென்னிசன் ஸ்மித் பரப்பில் சேரும் கார்பனையும் கோணத்தையும் ஒருசேர அளந்த பிறகு வழக்கு பெரும்பாலும் முடிந்தது: தூய தங்கம் நீரை விரும்புவது, ஆய்வகக் காற்றில் வெளிப்பட்டதும் கார்பன் சேர்மங்கள் அதன்மேல் விரைவாகப் படிந்து அதை நீர் விலக்கும் பரப்பாக்கிவிடுகின்றன. உலகின் மிக மந்தமான உலோகம் என்று பெயரெடுத்ததன் மீது அளந்த எண் அறைக்காற்றின் எண்ணாக இருந்தது. கிராஃபைட்டிலும் இதுவே நடந்தது. பல பத்தாண்டுகள் 90 பாகையை ஒட்டி மேற்கோள் காட்டப்பட்ட கோணம், 2013இல் பிட்ஸ்பர்க் குழுவினர் புதிதாக உரித்த பரப்பில் உடனே அளந்தபோது 60களில் தொடங்கி, காற்றில் இருக்க இருக்க ஏறியது. திரவமும் அதே அளவு நம்பத்தகாதது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பல்கலைக்கழகப் படிப்பு மறுக்கப்பட்ட ஆக்னஸ் பாக்கல்ஸ், சமையலறையில் ஒரு தகரத் தொட்டியும் பொத்தானும் தராசும் கொண்டு, எண்ணெயின் மிகச் சிறிய மாசும் நீரின் பரப்பு இழுவிசையை எப்படித் தாழ்த்துகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலீக்கு எழுதினார். ரேலீயின் பரிந்துரையோடு அந்தக் கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. பாத்திரம் கழுவும் நீரில் தொடங்கிய அந்த ஆய்வின் பொறுமையும் தூய்மை பற்றிய எச்சரிக்கையும் இன்றைய தானியங்கிக் கருவிகளுக்கு முன்னால் அமர்பவர்களிடம் எதிர்பார்க்கத்தக்க குறைந்தபட்சத் தகுதிகள்.

விளிம்பு நகரும்போது என்ன நடக்கிறது என்பது இன்னொரு ஆழமான குழி, இங்கே அதன் ஓரத்தை மட்டும் தொட முடியும். திடத்தை ஒட்டிய திரவம் அசையாது என்பது பாய்ம இயக்கவியலின் வழக்கமான நிபந்தனை. அதை அப்படியே விளிம்புக்குப் பொருத்தினால், அது நகர்வதற்கு முடிவிலியான விசை வேண்டும் என்று 1971இல் ஹூவும் ஸ்கிரிவனும் கணக்கிட்டுக் காட்டினர். துளிகள் எங்கும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே மூலக்கூறுகளின் அளவில் ஏதோ வழுக்குகிறது அல்லது முன்னோடியாக ஒரு படலம் ஓடுகிறது. அந்த நுண்ணிய ஆழத்தில் உள்ள கோணமும், கேமரா காணும் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வேகம் கூடக்கூட அவை விலகுகின்றன.

இவ்வளவுக்கும் பிறகு கோணத்திலிருந்து பரப்பாற்றல் என்ற இன்னோர் எண்ணைப் பிழிந்தெடுக்கும் முறைகள் வந்து நிற்கின்றன. வாஷிங்டன் கடற்படை ஆய்வகத்தில் ஸிஸ்மன், வெவ்வேறு பரப்பு இழுவிசை கொண்ட திரவங்களை ஒரே பிளாஸ்டிக்கில் வரிசையாக அளந்து, கோணம் சுழியமாகும் இடம்வரை கோட்டை நீட்டினார். டெஃப்லானுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிநியூட்டன் கிடைத்தது. இது நேர்மையான எண், ஏனெனில் எத்தகைய திரவம் இதில் பரவும் என்ற கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. பின்வந்த முறைகள் இரண்டே திரவங்களை அளந்து திடத்தின் ஆற்றலை முனைவுக் கூறு, சிதறல் கூறு என்று பிரித்து எழுதுகின்றன. திரவ இணையை மாற்றினால் விடை மாறுகிறது, முறையை மாற்றினாலும் மாறுகிறது. அந்த எண்கள் தசமப் புள்ளியோடு அச்சாவதைக் கண்டு கவலைப்படுவது நியாயம். அச்சகத் தரையில் இந்த விஷயம் தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. பாலித்தீன் படலத்தில் மை தானாக ஒட்டாது என்பதால் உயர்மின்னழுத்த மின்வெளியேற்றத்தில் அதன் பரப்பை ஆக்சிஜன் ஏற்கச் செய்கிறார்கள், கொரோனா ட்ரீட்மென்ட் என்று இதைச் சொல்கிறார்கள். பிறகு பரப்பு இழுவிசை குறிக்கப்பட்ட டைன் பேனாவால் படலத்தில் கோடிழுக்கிறார்கள். கோடு இரண்டு வினாடிக்குத் துளிகளாக உடையாமல் நின்றால் 38 அல்லது 40 என்று அந்தப் படலத்துக்குத் தகுதி கிடைக்கிறது. படலத்தின் உள்ளே கலந்த வழவழப்பூட்டிகள் நாள்பட நாள்பட மேலே கசிவதாலும், மாற்றப்பட்ட மூலக்கூறுகள் உள்ளே திரும்பிக்கொள்வதாலும் அந்தத் தகுதி கிடங்கிலேயே இறங்கிவிடுகிறது. அதனால் சுருளோடு வரும் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், மை ஏற்றுவதற்கு முன் முதல் சுற்றுகளை வெட்டி எறிந்துவிட்டு, இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடங்களில் மறுபடியும் பேனாவை இழுத்துப் பார்த்து, அன்றைய தேதியோடு குறித்துக்கொண்டபின்பே எந்திரத்தை ஓட்டுகிறார்கள்.